வீட்டுக்கு ஒருத்தர்

வேணுவால் இப்போதெல்லாம் நிம்மதியாக ரசம் சாப்பிட முடிவதில்லை. "நல்லா இருக்கு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுகிறார். சொன்ன மறுநொடியே மாட்டிக்கொள்கிறார். கரண்டியும் கையுமாக எதிரே நிற்கும் கஸ்தூரி விடமாட்டாள். "நல்லா இருக்குன்னா? போன வாரத்த விடவா? எத வெச்சு சொல்றீங்க?" கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே குடும்பத்தைச் சண்டை சச்சரவில்லாமல் ஓட்டி வந்த மனிதர் அவர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். காயிலைத் தவிர வேறு எதையும் பிரித்துப் பார்த்துப் பழக்கமில்லை. ஒருநாள் துணிந்து, "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அதைக் கேட்டதும் கஸ்தூரியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவருக்குப் பயமாகப் போய்விட்டது.

இந்த வியாதி அவளுக்குப் போன வருஷம் தொற்றியது. அதற்கு முன்னால் அவளும் எல்லோரையும் போல நல்ல பெண்மணியாகத்தான் இருந்தாள்.

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இயங்கும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் கஸ்தூரிக்கு வேலை. கலசப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தபால் வழியில் பி.ஏ. முடித்து, குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் கடிதங்களை ஃபைல் பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே யோசனை சொல்லி, அவளே ஆரம்பித்தது அம்மாக்கள் வகுப்பு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நொச்சிமேடு என்ற ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாரம் ஒருமுறை சமுதாயக்கூடத்தில் பாடம். ஊரில் அவளை டீச்சர் என்றார்கள். ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே யாரைப் பார்த்தாலும் அந்த வகுப்பைப் பற்றிப் பேசாமல் அவள் வீடு திரும்பியதில்லை. பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியதில்லை என்பது வேணுவின் கணக்கு.

ஒருநாள் அறக்கட்டளையின் தலைவர் சகாதேவன் கூப்பிட்டு அனுப்பினார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"கஸ்தூரிம்மா, வர்ற வருஷத்துக்கு வெளியிலேர்ந்து வர்ற உதவிப் பணம் கம்மி ஆயிடுச்சு. தையல் வகுப்பு, உங்க வகுப்பு, ரெண்டுல ஒண்ணத்தான் நடத்த முடியும். எதுனால ஜனங்களுக்குப் பலன்னு மதிப்பீடு பண்ணிக் காட்டச் சொல்றாங்க. அதுக்கு ஒரு பயிற்சி நடக்குது. நீங்க போயிட்டு வாங்க."

கண்ணாடியை அவர் துடைத்துக்கொண்டே இருந்ததால் விஷயம் எவ்வளவு கெட்டது என்று கஸ்தூரிக்குப் புரிந்தது. தையல் வகுப்பில் பெண்கள் ஜாக்கெட் தைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவளால் எதை எடுத்துக் காட்ட முடியும்? ஆனாலும் அவள் கலங்கவில்லை. அவளுடைய வகுப்புக்கு ஆள் வராத நாளே கிடையாது. பௌர்ணமிக்குப் பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும் வாரம் தவிர, எல்லா வெள்ளிக்கிழமையும் கூடம் நிறைந்திருக்கும்.

பயிற்சி ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியின் ஹாலில் நடந்தது. பக்கத்து ஹாலில் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்து தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஹாலில் சுற்றுவட்டாரத் தொண்டு நிறுவனக்காரர்கள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தங்கள் திட்டங்களின் பலனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஆர்த்தி என்ற இளம்பெண். சிரித்த முகத்தோடு ஆளைக் கவிழ்த்துவிடுகிற ரகம்.

"உங்க திட்டம் எப்படி இருக்குன்னு ஜனங்களக் கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க" என்றார்கள் எல்லோரும்.

"அது பதில் இல்லீங்க. அது வணக்கம் மாதிரி. வீடு தேடி வந்தவங்களுக்கு வேற என்ன சொல்லுவாங்க?"

ஹாலே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்தாள். மற்றவர்களுக்குச் சரியாகச் சொன்னாள் இந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியின் முடிவில் ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, அவர் திட்டத்தை இவர் போய்ப் பார்க்க வேண்டும், இவர் திட்டத்தை அவர் வந்து பார்க்க வேண்டும். கஸ்தூரிக்கு ஜோடியாக வந்தவர் புகழேந்தி. வேறொரு அமைப்பில் பள்ளிக்கூடங்களில் மரம் நடும் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தொப்பை போட்டவர், சாது. முதலில் அவர் திட்டத்தைப் பார்க்கப் போனார்கள்.

நட்ட கன்றுகளைப் பற்றி அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி இரும்புக் கூண்டுகள் வரிசையாக நின்றன. பச்சைப் பெயின்ட் அடித்து, புரவலர் பெயர் எழுதி, அவ்வளவு அழகு. கஸ்தூரி ஒவ்வொரு கூண்டாக எட்டிப் பார்த்தாள்.

"கூண்டு இருக்குது. செடி எங்க சார்?"

புகழேந்தியும் அப்போதுதான் எட்டிப் பார்த்தார். எண்ணும்போது அவர் எப்போதும் ரோட்டில் வண்டியை நிறுத்தி, கூண்டுகளை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். ஆடுகளுக்குக் கழுத்து நீளம் என்பது அவர் அறிக்கையில் எங்கும் வரவில்லை. கஸ்தூரி அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வேணுவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கூண்ட எண்ணியிருக்காரு! மனுசன் கூண்ட எண்ணியிருக்காரு!" கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புகழேந்தியின் முறை.

கஸ்தூரி அதற்குள் தன் பங்குக்குத் தயாராகிவிட்டாள். வகுப்பு ஆரம்பித்தபோது ஒரு சின்னப் பரீட்சை வைத்திருந்தாள். இப்போது மறுபடியும் அதையே வைத்தாள். ஆர்த்தி சொல்லிக்கொடுத்தபடி முன்பு, பின்பு என்று இரண்டு கம்பம் போட்டு ஒரு படம். முதல் கம்பம் ஒரு விரலுயரம்கூட இல்லை. இரண்டாவது கம்பம் காகிதத்தின் விளிம்பை முட்டியது. ஆராயி வீட்டில் முன்பு இரண்டு எழுத்து, இப்போது தப்பே இல்லை. மண்ணாங்கட்டி வீட்டிலும் அப்படியே. அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தாள். பஸ்ஸில் இரண்டு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கூடம் வழக்கம்போல நிறைந்திருந்தது. கஸ்தூரி பலகையில் எழுத, பெண்கள் ஒரே குரலில் படித்தார்கள். பட்டம். பாடம். படகு. புகழேந்தி மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ரோட்டுக்கடையில் மசால்வடை வாங்கி வந்திருந்தார். பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

வடையைத் தின்று முடித்த பொன்னி, மடித்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஆராயியின் மருமகள். இருபத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் படிந்த இங்கிலீஷ் பேப்பர் துண்டு. பக்கத்திலிருந்தவளிடம், "இங்க பாரு, நம்ம ஏரி தூர் வாரப் போறாங்களாம்" என்று சொல்லி, மளமளவென்று அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். கொஞ்சம் முன்னால் படகு என்ற சொல்லை விரல் வைத்துப் படித்தவள்.

புகழேந்தி வடையை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"நீ இன்னாம்மா படிச்சிருக்கே?"

"பி.காம். சார்" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நர்சிங். அதற்கடுத்தவள் ப்ளஸ் டூ. மண்ணாங்கட்டி வீட்டு மருமகள் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். மூலையில் இருந்த ஒரே ஒரு அம்மாள் மட்டும் நிஜமாகவே படிக்கத் தெரியாதவள். அவளுக்குக் காது கேட்காது.

இவ்வளவு நாளும் இது கஸ்தூரிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். முகங்கள் மாறியது தெரியும். வயசான முகம் ஒவ்வொன்றாகப் போய், இளசான முகம் ஒவ்வொன்றாக வந்தது. வகுப்பு வளர்கிறது என்று பூரித்துப்போனாள். பேரை வீட்டுப் பேராகத்தான் கூப்பிடுவாள். ஆராயி வீடு வந்தாச்சா? வந்தாச்சு. நீ படித்திருக்கிறாயா என்று கேட்டால் அந்தப் பெண்ணின் மனசு புண்படுமே என்று அவள் கேட்கவில்லை. படித்திருக்கிறோம் என்று சொன்னால் டீச்சர் மனசு புண்படுமே என்று அவர்களும் சொல்லவில்லை. இப்படி ஒருவர் மனசை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு, பட்டதாரிகள் உட்கார்ந்து படகு படித்தார்கள்.

"கோச்சுக்காதீங்க மேடம்" என்றாள் பொன்னி. "நீங்க வெய்யில்ல வர்றீங்க. கூடம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? ஊர்ல ஒரு காரியம்னா வீட்டுக்கு ஒருத்தர் போய் நிக்கணும்னு அத்த சொல்லும். அதான்."

சாவுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் போவதுபோல அவளுடைய வகுப்புக்கும் வீட்டுக்கு ஒருத்தர் வந்து தலையைக் காட்டிப் போயிருக்கிறார்கள். கஸ்தூரிக்குக் காது சூடாகிவிட்டது. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. வெட்கம் மட்டும் தெளிவாகத் தன் மேல்தான் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். புகழேந்தி தொண்டையைக் கனைத்தார். சிரிப்பாரோ என்று பயந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், நான் இதப்பத்தி ஒண்ணும் எழுதல. கூடம் நெறைய ஆளு, நல்லா படிக்கிறாங்க. பாத்தது அதானே? பொய் ஒண்ணும் இல்ல." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "அந்தக் கூண்டு விசயத்த நீங்களும் கொஞ்சம் பாத்து எழுதுனீங்கன்னா…"

நல்ல மனிதர், நல்ல யோசனை. இரண்டு குடும்பமும் பிழைக்கும். கஸ்தூரிக்கு உடனே மறுக்க வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பைக்குள் கம்பம் போட்ட படம் இருந்தது. அதைக் காட்டினால் தையல் வகுப்பு தோற்றுவிடும், அவள் வகுப்பு நிலைத்துவிடும். பஸ் வந்தது. "நீங்க போங்க சார், நான் அப்புறம் வர்றேன்" என்று அவரை ஏற்றிவிட்டு, மறுபடியும் ஊருக்குள் நடந்தாள்.

ஆராயி பால் சொசைட்டி வாசலில் தூக்கோடு நின்றிருந்தாள். அங்கே நின்ற வரிசையைக் கஸ்தூரி முகம் முகமாகப் பார்த்தாள். அவளுடைய பழைய வகுப்பு முழுவதும் அங்கே நின்றது.

"இன்னா டீச்சர், இந்நேரத்துல? பஸ்ஸு போயிடுச்சா?"

"ஆராயிம்மா, நீங்க ஏன் க்ளாசுக்கு வர்றதில்ல?"

"மருமவள அனுப்புறேன் இல்ல?" என்றாள் ஆராயி, கடன் பாக்கி எதுவும் இல்லாதவள் குரலில்.

"அவளுக்குத்தான் படிப்பு இருக்குதே. உங்களக் கேக்குறேன்."

ஆராயி தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "மின்ன ஏழு மணிக்கு வெச்சிருந்த, வந்தோம். அப்புறம் நாலு மணின்னுட்ட. நாலு மணிக்கு மாட்ட யாரு கறக்குறது?"

நேரத்தை மாற்றியது கஸ்தூரிதான். ஏழு மணி வகுப்பென்றால் திரும்பிப் போக பஸ் கிடைப்பதில்லை. யாரையும் தனியாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் வசதியா என்று கூடத்தில் பொதுவாகக் கேட்டாள். வசதி என்றார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ பொம்பளப் புள்ள, இருட்டுல போவணும். எப்படி சொல்றது?" ஆராயி பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "படிச்ச வரைக்கும் போதும் டீச்சர். அந்தப் படிப்ப வெச்சுத்தான் வேட்டவலம் போயிட்டு வந்தேன்."

வரிசையே சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை போலிருக்கிறது. போளூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. ஆராயி தனியாகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வேலூர் பஸ் போளூர் வழியாகப் போகும் என்று தெரியும். எப்போதும் யாரையாவது கேட்டு ஏறுவாள். அன்றைக்கு, டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதானே என்று பஸ் பலகையில் 'வே' என்ற முதல் எழுத்தைத் தானே படித்தாள். சரியாகத்தான் படித்தாள். மிச்ச எழுத்துகளுக்கு வகுப்பு வந்து சேரவில்லை. நேர் எதிர்த் திக்கில் வேட்டவலத்தில் போய் இறங்கினாள். திரும்பி வந்து போளூர் போய்ச் சேரும்போது பேரன் பிறந்து குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"நான் பக்கத்துல இல்லையேன்னு அவ அழுதாளாம்" என்றாள் ஆராயி. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அன்று கஸ்தூரியை அழைத்துப்போக வேணு வண்டியை எடுத்துக்கொண்டு நொச்சிமேட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பாவம், அவருக்கு என்ன தப்புப் பண்ணினோம் என்றே விளங்கவில்லை.

அறக்கட்டளைக் கூட்டத்துக்கு உதவி செய்பவர்களின் தரப்பிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தையல் வகுப்புக்காரர்கள் பூப்போட்ட ஜாக்கெட்டுகளை மேஜையில் பரப்பினார்கள். பிறகு கஸ்தூரி எழுந்து படத்தைக் காட்டினாள். உயர்ந்து நின்ற அந்த இரண்டாவது கம்பத்தைப் பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சகாதேவன் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

கைதட்டல் ஓயும்வரை கஸ்தூரி காத்திருந்தாள். கொஞ்சம் அனுபவித்தாள் என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு அது கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"சார், இந்த ரெண்டு கம்பமும் ஒரே ஆளோடது இல்லீங்க. சின்னது மாமியார். பெருசு மருமக. மருமக நான் சொல்லிக் குடுத்துப் படிக்கல, காலேஜ்ல படிச்சா. மாமியாருக்கு நான் பாதி சொல்லிக் குடுத்து வேட்டவலத்துக்கு அனுப்பி வெச்சிட்டேன்."

மொத்தத்தையும் சொன்னாள். சகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மேஜை மேலிருந்த ஜாக்கெட்டுகளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் அங்க படிச்சவங்கதான் தச்சாங்களா?"

தையல் வகுப்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் கஸ்தூரி போய் அதையும் பார்த்துவிட்டு வரட்டும், அதுவரை இரண்டும் பாதிப் பணத்தில் ஓடட்டும் என்று முடிவாயிற்று. அரை வருஷம் அவகாசம். அவள் கேட்டு வந்தது அதுவல்ல, ஆனாலும் ஒன்றுமில்லாமல் போகவில்லை. புகழேந்தியின் கூண்டுகளைப் பற்றியும் அவள் உள்ளது உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். அவர் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு போன் பண்ணி, ஆட்டுக்கு எட்டாத கூண்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டார்.

நொச்சிமேட்டில் மருமகள்களிடம் இனிமேல் வரவேண்டாம் என்றபோதுதான் உண்மையான ரகளை. "அது எப்படி மேடம்?" என்றாள் பொன்னி. "அந்த ஒரு மணி நேரந்தான் வீட்டுலேர்ந்து எந்தக் கேள்வியும் இல்லாம நாங்க உக்கார்றது. இனிமே என்ன சொல்லிட்டு வர்றது?" இதையும் யாரும் அவளிடம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூடம் இப்போதும் அவர்களுக்குத்தான். படகு இல்லை. அரசாங்கப் பரீட்சைக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், பாதி நேரம் பேசுகிறார்கள்.

ஏழு மணி வகுப்பு தனி. வேணு வந்து கூட்டிப் போகிறார். வெளியே வண்டியில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள். கூடம் வெறிச்சென்று இருந்தது. நிறைந்த கூடத்தைப் பார்த்துப் பழகிய கஸ்தூரி அந்த மூன்று பேரையே திரும்பத் திரும்ப எண்ணினாள். பிறகு ஐந்து பேர். ஒரு வாரம் ஆறு, மறு வாரம் நாலு. கம்பம் போட்டால் பார்க்கச் சகிக்காது.

ஒருநாள் வகுப்பு முடிந்து பலகையைத் துடைக்கும்போது ஆராயியிடம் கேட்டாள். கேட்கும்போது என்ன வரும் என்று அவளுக்கே தெரியும். பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"க்ளாஸ் எப்படி இருக்குது ஆராயிம்மா?"

ஆராயி யோசித்தாள். சிலேட்டைப் பார்த்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாவே இல்ல" என்றாள். "நீ பாட்டுக்கு வேகமா போற. ஒண்ணும் மண்டைல நிக்கல. போன வாரம் சொன்னதயே திரும்பச் சொல்லு."

மற்றவர்கள் பதறிப்போய் ஆராயியை முழங்கையால் இடித்தார்கள். கஸ்தூரி டஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே பார்த்து, "ஏங்க, இன்னும் கொஞ்சம் லேட்டாகும்" என்று சத்தம் கொடுத்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, போன வாரம் சொன்னதை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.